மலைநாட்டின் தோற்றமும் வடநிலத்துக் கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திற் பெய்து ஓய்ந்துவிடுகின்றது. ஆயினும், வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே கோடையில் விளைகின்றன. வவுனியாவிலும் அதே மாரி மழைதான் பெய்கின்றது. அங்கோ குளத்தின் துணையின்றிக் கோடையில் நெல் விளைவதில்லை. வெட்டிய கிணறு பலவும் ஆவணிக்குள் அடிக்கல்லைக் காட்டிவிடுகின்றன.

மழையும் வெயிலும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, நீர் மட்டும் இவ்வாறு வேறுபடுவது ஏன்? விடை மண்ணுக்குக் கீழேயுள்ள கல்லில் இருக்கின்றது. அக்கல் எங்ஙனம் தோன்றியது, மலைநாடு ஏன் உயர்ந்து நிற்கின்றது, மன்னார்க் கடலின் கீழ் நிலம் ஏன் தாழ்ந்து கிடக்கின்றது என்பவற்றை அறிந்துகொண்டால், கிணற்றை ஆழமாக்கலாமா கூடாதா என்ற அன்றாட வினாவுக்கும் விடை கிடைக்கும்.

இலங்கையின் பழைய அடித்தளம்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறைகளாலானது. மலைநாட்டிற் காணப்படும் கருங்கல், படிகக்கல், பளிங்குச் சுண்ணக்கல் ஆகிய யாவும் ஆதியில் வேறு உருவிலிருந்து பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. ஏறக்குறைய 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இவை நிலத்தின் கீழே 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் புதைந்து கிடந்தன. இன்று நுவரெலியாவில் உருளைக்கிழங்குப் பாத்தியின் ஓரத்திலே கையால் தொடக்கூடிய கல், ஒரு காலத்தில் அவ்வளவு ஆழத்தில் இருந்த கல்லாகும். அதன் மேலே கிடந்த பாறை அனைத்தும் மழையாலும் ஆற்றாலும் கரைந்து போயின. அரிப்பின் வலிமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

அக்காலத்தில் இலங்கை தனித் தீவாக இருக்கவில்லை. இந்தியா, மடகஸ்கார், ஆபிரிக்கா, தென் அமெரிக்கா, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றுடன் இணைந்து ஒரு பெருநிலத்தின் நடுப்பகுதியாக இருந்தது. புவிச்சரிதவியலார் அப்பெருநிலத்தைக் கோண்டுவானா என அழைப்பர். இலங்கையின் கருங்கல்லை ஒத்த பாறைகள் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் மடகஸ்காரிலும் அந்தாட்டிக்காவிலும் இன்றும் காணப்படுவது இவ்வுறவுக்குச் சான்றாகும்.

பிளவுபட்ட பெருநிலம்

நீர் வற்றிய களிமண் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைக் கமக்காரர் ஒவ்வோராண்டும் காண்பர். கோண்டுவானாவும் அங்ஙனமே வெடித்தது. ஆனால், அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்றன. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், யுராசிக் காலத்தின் பிற்பகுதியில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே புவியோடு இழுபட்டு மெலியத் தொடங்கிற்று. இழுபட்ட ஓட்டில் நீண்ட குறைகள் தோன்றின. குறை என்பது பாறை முறிந்து, முறிவின் ஒரு பக்கம் தாழவும் மறு பக்கம் நிற்கவும் உண்டாகும் பிளவாகும். அக்குறைகளுக்கு இடைப்பட்ட பாளங்கள் சில கீழே இறங்கின. சில அவ்விடத்திலேயே நின்றன. இறங்கிய பாளங்களின் மேல் தொட்டிபோன்ற பள்ளங்கள் அமைந்தன.

பின்னர், ஏறக்குறைய 13 கோடி முதல் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அந்தாட்டிக்கா பிரிந்து தெற்கே சென்றது. அப்பிளவு முற்றாக விரிந்து பெருங்கடலாயிற்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையேயிருந்த பிளவோ பாதியில் நின்றுவிட்டது. இரு நிலமும் முற்றாகப் பிரியவில்லை. இடைப்பட்ட ஓடு மெலிந்து தாழ்ந்தது மட்டுமே நிகழ்ந்தது. இவ்வாறு பாதியில் நின்ற பிளவே காவிரி வடிநிலம் எனவும் மன்னார் வடிநிலம் எனவும் இன்று வழங்கும் அடையற் பள்ளங்களாகும். பாக்குக் குடாவில் ஆழம் குறைந்திருப்பதும், இரு கரையும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதும் இதனாலேயே.

பிளவின் தொடக்கத்தில் நிலத்தில் எத்தகைய சூழல் இருந்தது என்பதைப் புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவையிற் காணலாம். அங்கே குறைகளுக்கிடையே இறங்கிய சிறு பள்ளமொன்றில் யுராசிக் காலத்து மணற்கல்லும் களிக்கல்லும் காப்பாற்றப்பட்டுள்ளன. அவற்றில் பன்னங்களினதும் பிற பழஞ்செடிகளினதும் இலைச்சுவடுகள் பதிந்திருக்கின்றன. சுற்றிலுமிருந்த மேட்டு நிலத்தினின்று ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து அப்பள்ளத்தில் இட்டன என்பதை அச்சுவடுகள் காட்டுகின்றன.

தாழ்ந்த தொட்டி நிரம்பிய விதம்

பள்ளம் தாழத் தாழ, இரு புறத்து மேட்டு நிலத்தினின்றும் ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பின. மேற்கே காவிரி, வைகை, பொருநை ஆகியவற்றின் முன்னோடி ஆறுகளும், கிழக்கே இலங்கை மலைகளினின்று இறங்கிய ஆறுகளும் இவ்வேலையைச் செய்தன. கடல் சில காலம் உட்புகுந்தது. சில காலம் பின்வாங்கிற்று. ஆற்று வண்டலும் கடற் சேறும் சுண்ணக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்தன. இவ்வடுக்குகளின் மொத்தத் தடிப்பு மன்னார்க் குடாவின் சில இடங்களில் 4 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீற்றர். அம்மலையை வேரோடு பெயர்த்து அத்தொட்டியில் இட்டாலும் அதன் உச்சி வெளியே தெரியாது.

தமிழ்நாட்டுக் கரையில் இவ்வடுக்குகளின் ஓரங்கள் நிலத்தின் மேலே தெரிகின்றன. அரியலூரில் சீமெந்துக்காக வெட்டப்படும் சுண்ணக்கல் கிரித்தேசியக் காலத்துக் கடலிற் படிந்தது. நெய்வேலியில் வெட்டப்படும் பழுப்பு நிலக்கரியும் இதே காவிரி வடிநிலத்தைச் சேர்ந்ததே. இலங்கைக் கரையில் 2011 இல் மன்னார்க் கடலிலே துளையிட்டபோது இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. பழங்காலத்துச் செடிகளும் கடலுயிர்களும் வண்டலுட் புதைந்து, ஆழத்தின் வெப்பத்தால் மாறியதன் விளைவே அவ்வாயு.

உயர்ந்து நின்ற மலைநாடு

இமயமலை இரு நிலங்கள் ஒன்றோடொன்று மோதியதால் மடிந்து எழுந்தது. அம்மோதல் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிற்று. இலங்கையின் மலைநாடு அவ்விதம் எழவில்லை. புவியோடு பிளவுபடும்போது பிளவின் ஓரங்கள் உயர்வது இயல்பு. அதன் மேல் மழையும் ஆறும் அரித்து மண்ணைக் கடலுக்குக் கொண்டு சென்றன. சுமையை இறக்கிய வள்ளம் நீரில் சற்று உயர்வதுபோல, மேற்பாறை நீங்கிய நிலமும் மெல்ல மெல்ல உயர்ந்தது. உயர்ந்த நிலத்தில் மெல்லிய பாறை விரைவில் அழிந்து பள்ளத்தாக்காயிற்று. கடிய பாறை மலையாக நின்றது.

கடற்கரையிலிருந்து மலையேறும் எவரும் நாடு படிப்படியாக உயர்வதைக் காண்பர். முதலாவது தாழ்நிலம், அடுத்தது 500 மீற்றர் அளவில் அமைந்த இடைநிலம், அதற்கு மேல் 1,500 மீற்றருக்கும் உயர்ந்த உயர்நிலம். இம்மூன்று படிகளையும் 1929 இல் ஆடம்ஸ் என்னும் கனடியப் புவிச்சரிதவியலார் எடுத்துக் காட்டினார். இந்தியரான வாடியா இலங்கையிற் கடமையாற்றிய 1940களில் அவற்றை மேலும் ஆராய்ந்து, பெரும் பாளங்கள் உயர்த்தப்பட்டதால் அவை அமைந்தன என்றார். பாறைகளின் கடினத்துக்கேற்ப அரிப்பு வேறுபட்டதற்கே பிற்காலத்து ஆய்வாளர் பலர் முதலிடம் கொடுக்கின்றனர். காரணம் எதுவாயினும், மலையில் இழந்ததே பள்ளத்தில் நிறைந்தது என்பதில் ஐயமில்லை.

கடல் விட்டுச் சென்ற சுண்ணக்கல்

தொட்டி நிரம்பிவந்த காலத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய மயோசீன் காலத்தில், இலங்கையின் வடமேற்கு ஓரத்தை ஆழமற்ற தெளிந்த கடல் மூடியிருந்தது. அக்கடலில் பவளமும் சிப்பியும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் வாழ்ந்து மடிந்தன. அவற்றின் ஓடுகள் படிந்து இறுகியதே யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல். வேலண்ட், டேவிஸ் என்போர் 1923 இல் இக்கல்லின் சுவடுகளை ஆராய்ந்து அதன் காலத்தை விளக்கினர். புத்தளத்திலிருந்து மன்னார் வழியாகக் குடாநாடு வரையும், கிழக்கே முல்லைத்தீவுப் பக்கமாகவும் இக்கல் பரந்து கிடக்கின்றது.

ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் நீரில் பெரும்பங்கு பனிக்கட்டியாக உறைந்திருந்தது. அப்போது கடல் மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அத்தகைய காலங்களில் மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி அதைக் கரைத்தது. கரைந்த வழிகளே இன்று கிணறு வெட்டுவோர் காணும் பொந்துகளும் குகைகளும். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணறும், கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியும் இவ்வழிகளின் வெளித்தோற்றங்களாகும்.

நன்னீரும் அதன் கீழே உவர்நீரும்

குடாநாட்டுக் கிணற்றின் இரகசியம் இங்கேயே உள்ளது. மாரி மழை செம்மண்ணின் ஊடாகச் சென்று சுண்ணக்கல்லின் பொந்துகளில் நிறைகின்றது. அக்கல்லுக்குள் நாற்புறமும் கடல்நீரும் புகுந்திருக்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் பாரம் குறைந்ததாதலின், அது கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், கண்ணாடி வில்லை போன்ற உருவில் அந்நன்னீர் அமைந்திருக்கும்.

இவ்வில்லையின் கணக்கை ஒல்லாந்தரான பேடன் கைபனும், 1901 இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டனர். கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கின் மறுபக்கத்தைக் கமக்காரர் மறத்தலாகாது. ஊரெங்கும் அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நிலைத்துவிடுமாயின், கீழேயுள்ள உவர்நீர் நாளடைவில் 40 அடி மேலெழும்பும். ஒரு கிணற்றில் வலிய யந்திரம் பூட்டித் தொடர்ந்து இறைத்தாலும், அக்கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்புபோல உயர்ந்து வரும்.

நிலாவரையின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. பிற கிணறுகளின் கீழும் அதே உவர்நீர் காத்திருக்கின்றது. ஆதலின், குடாநாட்டில் நீர் குறைந்ததெனக் கிணற்றை மேலும் ஆழமாக்குவது, நன்னீரை விட்டு உவர்நீரை நாடிச் செல்வதாக முடியலாம். துலாவும் பட்டையும் வழங்கிய காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லை வகுத்தது. யந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. அதனை இயக்குபவனே எல்லை வகுத்தல் வேண்டும்.

பொந்து நிறைந்த கல் மற்றோர் ஆபத்தையும் தருகின்றது. மணலில் இறங்கும் நீர் மெல்ல வடிகட்டப்படும்; சுண்ணக்கல்லின் பிளவுகளில் இறங்கும் நீருக்கு அவ்வடிகட்டல் குறைவு. தோட்டத்தில் இட்ட யூரியாவிற் பயிர் உண்ணாது விட்ட பகுதி, நைத்திரேற்றாக மாறி நேரே கிணற்று நீரைச் சேர்கின்றது. செறிந்த பயிர்ச்செய்கையுள்ள வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீர் ஒரு இலீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அளவு மிஞ்சிய நீரிற் கரைத்த பால் கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைத் தாங்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது.

கருங்கல் நிலத்துக் குளங்கள்

வவுனியா போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே அடிக்கல் பளிங்குருப் பாறை. அப்பாறைக்குள் நீர் தங்கப் பொந்தில்லை. வெடிப்புகளிலும், கல் உக்கி மண்ணாகிய மேற்படையிலுமே நீர் தங்கும். அம்மேற்படை பெரும்பாலும் 10 மீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது. எனவே மழைநீரை நிலத்தின் மேலே தேக்குவதன்றி வேறு வழியில்லை என்பதை முன்னோர் உணர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களைக் கட்டினர். மேற்குளத்தின் கழிவுநீர் கீழ்க்குளத்தை நிரப்பிற்று. குளத்தின் கசிவு அயற்கிணறுகளுக்கு ஊற்றாயிற்று. குளம் தூர்ந்தால் கிணறும் வற்றும்.

இரு நிலமும் சந்திக்கும் ஓரம் மன்னார்ப் பகுதியாகும். அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணையால் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குக் கொண்டுசென்ற முன்னோர், கருங்கல் நிலத்தில் விழுந்த மழையை அடையல் நிலத்து வயலுக்கு ஊட்டினர். முருங்கன் பகுதியின் கருங்களி மண் நீரைப் பிடித்துவைத்து நெல்லுக்கு உகந்ததாக விளங்குகின்றது. அப்பகுதியின் ஆழத்திலே, களிப்படைகளின் கீழ் அடைபட்ட நீர்ப்படைகளும் உண்டு. அவை மிக மெதுவாகவே மீள நிரம்புவனவாதலின், தகுந்த சோதனையின்றி அங்கே குழாய்க்கிணறு இடுவது முறையன்று.

மலைச்சரிவில் இழக்கும் மண்

பள்ளத்தை நிரப்பிய அரிப்பு இன்றும் ஓயவில்லை; மனிதன் அதனை விரைவுபடுத்தியும் விட்டான். மகாவலியின் மேல் நீரேந்து பகுதியைப் பற்றி 2003 இல் வெளியான ஆய்வொன்று, பயிர்செய்யப்படும் சரிவுகளில் மண் இயற்கை அளவிலும் 10 முதல் 100 மடங்கு விரைவாக இழக்கப்படுகின்றது எனக் கண்டது. காடு மூடிய சரிவிலே கல் உக்கி மண்ணாகும் வேகமும் மண் அரிபடும் வேகமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். திறந்த சரிவிலோ வரவு ஒன்றாகவும் செலவு பத்தாகவும் நூறாகவும் இருக்கின்றன. இத்தகைய கணக்கில் எக்குடும்பமும் நீடித்து வாழ்ந்ததில்லை.

அம்மண் இன்று கடலை அடையுமுன் நீர்த்தேக்கங்களில் தங்குகின்றது. பொல்கொல்லையிலும் ரந்தம்பையிலும் வண்டல் படிந்து நீர் கொள்ளும் அளவு குறைந்துள்ளது. மலையில் ஒரு கமக்காரர் இழந்த மேல்மண், தாழ்நிலத்தில் மற்றொரு கமக்காரரின் நீரைக் குறைக்கின்றது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. குடாநாட்டில் கிணற்றை ஆழமாக்குமுன் நீரின் உவர்த்தன்மையைச் சோதித்தல் வேண்டும். கோடையின் இறுதியில் எடுத்த நீரே உண்மை நிலையைக் காட்டும்.

2. ஒரே முறையில் நெடுநேரம் இறைக்காது, காலையும் மாலையுமாகப் பிரித்து இறைத்துக் கிணற்றுக்கு ஓய்வு கொடுத்தல் நன்று. நீர் சிறிதளவு உவர்க்கத் தொடங்கினும் இறைப்பைக் குறைத்தல் வேண்டும்.

3. மாரி தொடங்குமுன் தோட்டத்தை உழுது வரம்பு கட்டினால் மழைநீர் வெள்ளமாக ஓடாது நிலத்தில் இறங்கும். ஊர்க்குளம், கேணி, தாமரைக்குளம் ஆகியவற்றைத் தூர்வாருதல் அயற்கிணறுகள் யாவற்றுக்கும் செய்யும் உதவியாகும்.

4. நைதரசன் பசளையைச் சிபாரிசு செய்த அளவுக்கு மேல் இடாது, பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பல தடவையாகப் பிரித்து இடுதல் வேண்டும். பூவரசு, கிளிசரியா முதலியவற்றின் குழையும் மாட்டெருவும் மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டும்.

5. கைக்குழந்தையுள்ள வீட்டார் தோட்டக் கிணற்று நீரை நைத்திரேற்றுச் சோதனையின்றிக் குழந்தைக்குக் கொடுத்தலாகாது.

6. கருங்கல் நிலத்தில் ஆழக் கிணற்றிலும் அகன்ற கிணறே பயன் தரும். குளத்தின் கீழ்ப்புறத்தில் அதனை அமைத்தல் நன்று.

7. மலைச்சரிவில் சமவுயரக் கோட்டின் வழியே பாத்தி அமைத்து, கல்லணையோ வெட்டிவேர் வேலியோ இடுதல் வேண்டும். சரிவின் மேலிருந்து கீழாகப் பாத்தி அமைப்பது மண்ணுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதாகும்.

மலை உயர்வதற்கும் பள்ளம் நிரம்புவதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்றன. குடாநாட்டின் நன்னீரோ ஒவ்வொரு மாரியிலும் புதிதாக வந்து சேர்வது. அவ்வாண்டு வரவை அவ்வாண்டுக்குள்ளேயே அளவறிந்து செலவு செய்தல் வேண்டும். மலைநாட்டு மேல்மண்ணுக்கு அத்தகைய ஆண்டு வரவும் இல்லை. ஒரு மாரியில் அடித்துச் செல்லப்பட்ட மண்ணைக் கல் மீண்டும் ஆக்கித் தருவதற்குப் பல தலைமுறைகள் செல்லும்.